பதுளையில் நான் ஓடிய நாற்பத்தொரு கிலோமீட்டர்

மலைநாட்டில் மரதன் ஓடினால் எப்படி இருக்கும் என்று தேடிக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிறவள் பெரிய பயந்தாங்கொள்ளி. பல்லி தோளில் விழுந்தால் பஞ்சாங்கத்தைத் தேடுகிறவள். ஆகவே வீரதீரமெல்லாம் இதில் கிடைக்காது. நேரம், தூரம், செலவு எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன். மீதி முழுக்கப் பயம்தான்.

எனக்கு நாற்பத்துமூன்று வயது. வத்தளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. மூன்று வருடங்களுக்கு முன்பு, இரத்தத்தில் சீனி ஏறத் தொடங்கியிருக்கிறது, நடங்கள் என்று டொக்டர் சொன்னார். நடந்தேன். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்கே தெரியாது. "யாரு தொரத்துறாங்கன்னு இப்படி ஓடுற?" என்று என் வீட்டுக்காரர் செல்வம் தினமும் கேட்பார். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், திவ்யா, பதினான்கு வயது. பதுளையில் சனிக்கிழமை குடும்பங்களுக்கான ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை முழு மரதன் என்ற அறிவிப்பைத் தேடிப் பிடித்துக் காட்டியவள் அவள்தான். பதுளை என்றதும் என்னால் மறுக்க முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலே ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது. அண்ணன் கட்டாரில். அண்ணி இன்னமும் அங்கே கொழுந்து பறிக்கிறார். மரதனுக்கு ஐயாயிரம் ரூபாய், குடும்ப ஓட்டத்துக்கு ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு கட்டிப் பெயர் கொடுத்தோம்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? அதுவரை நான் ஓடியதில் அதிக தூரம் முப்பத்திரண்டு கிலோமீட்டர், அதுவும் கடற்கரைப் பக்கத்துச் சமதரையில். பதுளைப் பாதையோ பாதித் தூரம் ஏற்றம். எட்டு மணித்தியாலத்துக்குள் முடிக்காவிட்டால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நாய் இருக்கும், அட்டை இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே குளவி இருக்கும். பதினொரு வயதில் தேயிலை மலைக்குள் எனக்குக் குளவி கொட்டியது. ஐந்தாறு கொட்டுத்தான். தொண்டை அடைத்து, கண் இருண்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இன்னொரு தடவை கொட்டினால் இந்தப் பிள்ளை தாங்காது என்று அங்கிருந்த டொக்டர் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா மறைக்காமல் சொன்ன ஒரே குறை அதுதான். அன்றைக்குப் பிடித்த பயம் செல்வத்தை இன்றுவரை விடவில்லை. எங்கள் வீட்டுப் பலாமரத்தில் ஒரு தேனீ பறந்தால்கூட என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார்.

பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் விழுந்தது வசதியாகப் போயிற்று. விடியற்காலை நான்கு மணிக்கு வத்தளையிலிருந்து எங்கள் வேனிலேயே கிளம்பினோம். அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை வழி, இருநூற்று முப்பது கிலோமீட்டர். பலாங்கொடையில் ஏழரை மணிக்கு இடியப்பம், பருப்பு, சம்பல். மூன்று பேருக்கும் ஆயிரத்து நூறு ரூபாய். ஹல்துமுல்லையைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பெரகலையில் கொஸ்லந்த பக்கம் பிரியும் பாதையைக் கண்டதும், ஒரு தடவை அந்த இறக்கத்தில் பிரேக் சூடேறிப் புகை வந்த கதையைச் செல்வம் ஆரம்பித்தார். நூறு தடவை கேட்ட கதை. இந்தத் தடவை பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையின் இறக்கங்கள்தான் கண் முன்னால் வந்தன. பண்டாரவளையில் பத்து மணிக்கு நிறுத்தி, குளிரில் நடுங்கிய மகளுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாயில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினோம். ஹாலிஎலவிலிருந்து தோட்டத்துக்குப் போகும் ஆறு கிலோமீட்டருக்கு மட்டும் நாற்பது நிமிடம் பிடித்தது. குழிக்குள் பாதையைத் தேட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்குப் பதுளையில் ஒரு மைதானத்தில் ஆரம்பம். அப்பா அம்மா, பிள்ளைகள், தள்ளுவண்டியில் கைக்குழந்தை என்று ஊரே திரண்டு நின்றது. என் காலை நான் பத்திரப்படுத்த வேண்டும் என்று செல்வமும் திவ்யாவும் மட்டும் ஓடினார்கள். அவர் செருப்போடு ஓடினார். சப்பாத்து காலைக் கடிக்கிறதாம். ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்து, வந்ததும் வராததுமாகப் புல்லில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, "இதே மாதிரி எட்டு மடங்கா ஓடப் போற? நெஞ்சு வெடிச்சிரும் மாலா" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் அண்ணி வேலை முடிந்து வந்து பிளேன்டீ ஊற்றும்போது என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டார். ஓட்டப் பாதை எங்கள் தோட்டத்துக்குள்ளாலேதான் வருகிறது, அது எனக்குத் தெரியும். இருபத்தெட்டாவது கிலோமீட்டருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அந்த வளைவில் ஒரு பெரிய மரம், மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும். அதுதான் முனியாண்டி. புது லொறி எடுத்தாலும், வெளிநாடு போனாலும், தோட்டத்து ஆட்கள் அங்கே ஒரு தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டாமல் போக மாட்டார்கள்.

"அந்த மரத்துல குளவி கூடு கட்டியிருக்கு மாலா. மொறம் அகலத்துக்கு இருக்கு. சாமி கும்பிடுறவங்ககூட இப்ப ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னு கும்பிட்டுட்டுப் போயிர்றாங்க. பொகை காட்டுறதில்ல. நீ அந்த எடத்துல ஓடாத, பேசாம நடந்து போயிரு. சென்ட் கின்ட் பூசாத" என்றார். அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றும் சொன்னார். அண்ணன் என்று அவர் சொல்வது செல்வத்தை.

நான் சொல்லவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். சொன்னால் செல்வம் என்னை ஓட விட மாட்டார். வேனைத் திருப்பி அன்றைக்கே வத்தளைக்கு விட்டுவிடுவார். ஒரு வருடமாகக் காலை நாலரைக்கு எழும்பி ஓடிய ஓட்டமெல்லாம் வீணாய்ப் போய்விடும். ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். தோட்டத்திலிருந்து ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள், வளைவுக்கு இரண்டு பக்கமும் பலகை வைக்கிறோம் என்றார்கள். ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் சொன்னேன், கட்டினவருக்குச் சொல்லவில்லை.

செல்வமும் என்னிடம் ஒன்றை மறைத்தார். எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று முனியாண்டிக்கு நேர்ந்திருந்தார். நான் வளைவுக்கு வரும் நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்து, கற்பூரமும் சாம்பிராணியும் காட்டுவதாக நேர்த்தி. சொன்னால் நான் கிண்டல் பண்ணுவேன் என்று மகளோடு இரகசியமாக ஹாலிஎலவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். கிண்டல் பண்ணியிருப்பேன்தான். புது லொறிக்கும் எனக்கும் ஒரே மரியாதையா என்று கேட்டிருப்பேன்.

ஞாயிறு அதிகாலை மூன்றே முக்காலுக்குத் தோட்டத்திலிருந்து புறப்பட்டு, ஐந்து மணிக்குப் பதுளை மைதானத்தில் ஓட ஆரம்பித்தேன். இடுப்புப் பட்டியில் தொலைபேசி, நான்கு பேரீச்சம்பழம், கடையிலிருந்து எடுத்து வந்த அலர்ஜி மாத்திரை ஒரு அட்டை. முப்பதாவது கிலோமீட்டர் தண்ணீர்ப் பந்தலில் அவர்கள் இருவரும் காத்திருப்பதாகப் பேச்சு. கீழ்ப் பாதையால் எட்டரை மணிவரை சொந்த வாகனங்களைத் தோட்டத்துப் பக்கம் விட்டார்கள்.

முதல் ஒன்பது கிலோமீட்டர் ஹாலிஎலவுக்கு. ஆறே காலுக்கு அங்கே இருந்தேன். மூச்சு சீராக இருந்தது. அதற்குப் பிறகு ஏற்றம் ஆரம்பம். முதல் வளைவில் ஓடினேன், இரண்டாவதில் நடந்தேன், மூன்றாவதில் எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று கேட்டேன். ஒரு இளைஞன் என்னைத் தாண்டிப் போகும்போது, "விடாதீங்க அக்கா" என்றான். விட முடிந்தால் அந்த இடத்திலேயே விட்டிருப்பேன். பாதித் தூரத்தைக் கடந்தபோது எட்டு மணி ஐந்து நிமிடம். வலது முழங்கால் முனகத் தொடங்கியிருந்தது. ஆனால் என் கவனம் முழங்காலில் இல்லை. ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு ஈ காதருகே போனால் உடம்பு சில்லிட்டது. இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மாத்திரையை முன்கூட்டியே விழுங்கினேன்.

ஒன்பது இருபதுக்குப் பலகையைக் கண்டேன். இருபத்தேழு கிலோமீட்டரும் அறுநூறு மீட்டரும் என்று கைக்கடிகாரம் காட்டியது. பலகையில் மூன்று மொழியிலும் 'அமைதியாக நடக்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தது. குளவி என்று எழுதினால் ஆட்கள் மிரண்டு ஓடுவார்கள் என்று விட்டிருக்கிறார்கள். நான் நடக்கத் தொடங்கினேன். முன்னாலும் பின்னாலும் ஓட்டக்காரர் ஒருவரும் அப்போது கண்ணில் படவில்லை. மேலே தேயிலை மலையில் அண்ணியும் மற்றப் பெண்களும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு என்றாலும் கொழுந்து முற்றிவிடும் என்று அன்று வேலை வைத்திருந்தார்கள். அண்ணியைப் பார்த்துக் கையாட்டினேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் லொறி ஒன்று மேடேறுவது போல. ஆனால் லொறி எதுவும் வரவில்லை.

மலையில் நின்ற பெண்கள் ஒருவரும் கத்தவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பேரும் தேயிலைக்கு அடியில் மறைந்துவிட்டார்கள். எனக்குக் கால் ஓடு ஓடு என்றது. ஒரு வருடமாகப் பழக்கிய கால் வேறு என்ன சொல்லும். திரும்பி இரண்டடி எடுத்துவைப்பதற்குள் அண்ணி மலையிலிருந்து பாதையில் குதித்து, என் கையைப் பிடித்து இழுத்து, பாதையோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளினார். தானும் பக்கத்தில் குப்புறப் படுத்தார். பனி நனைக்காமல் இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து இரண்டு பேர் தலைக்கும் மேலாக இழுத்துப் போர்த்தினார். "அசையாத" என்று காதுக்குள் சொன்னார்.

அந்தக் கானுக்குள் சேறும் சருகும். படங்குக்கு மேலே மணல் எறிவது போலப் படபடவென்று விழுந்துகொண்டே இருந்தது. ஓரத்தால் வெளியே கிடந்த என் இடது கையில் ஒன்று உட்கார்ந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை நடந்து போனது. ஆறு கால்களையும் என்னால் எண்ண முடிந்தது. அம்மா, அம்மா என்று மனதுக்குள் அரற்றினேன். செத்துப்போன அம்மாவைத்தான். அது பறந்து போனது.

அப்போது இடுப்பில் தொலைபேசி அதிர்ந்தது. எடுக்காதே என்பது போல அண்ணி என் தோளை அழுத்தினார். திரையில் திவ்யா என்று இருந்தது. எடுத்தேன்.

"அம்மா, நான் வேனுக்குள்ள இருக்கேன். கண்ணாடியெல்லாம் மூடிட்டேன். வெளிய பூராக் குளவி" என்றாள் அழுகையோடு.

தண்ணீர்ப் பந்தலுக்கும் குளவி வந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லை, முனியாண்டி கோயிலுக்குக் கீழே நிற்கிறோம் என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவிடம் கொடு என்றேன்.

"அப்பா இங்க இல்லம்மா. சாமிக்குச் சாம்பிராணி போட்டாரு. குளவி எழும்பினதும் கதவ மூடுன்னு கத்திக்கிட்டே வேனுக்கு வராம தேயிலைக்குள்ள எறங்கி ஓடிட்டாரு. எல்லாம் அவரு பின்னாடியே போயிருச்சும்மா. கூப்பிட்டேன். இப்ப சத்தத்தையே காணோம்."

வேன் கதவு அகலத் திறந்துதான் இருந்திருக்கிறது. அவர் வேனை நோக்கி ஓடியிருந்தால் கூட்டம் அப்படியே பிள்ளையிடம் போயிருக்கும். பனிமூட்டத்தில் வேனை நத்தை மாதிரி ஓட்டுகிற மனிதர். சவர்க்கார நுரையில் வழுக்கிவிடுவோமோ என்று குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கிற மனிதர். அந்த ஒரு கணத்தில் அவருக்கு எப்படி அது தோன்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் எழும்பப் பார்த்தேன். அண்ணி என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ போனா ரெண்டு பொணம்" என்றார்.

அண்ணி சொன்னது சரி. எனக்குக் கொட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படுத்துக் கிடந்தேன். முந்நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் என் புருஷன் விழுந்து கிடக்கிறார், நான் கானுக்குள் முகம் புதைத்துக் கிடக்கிறேன். நேற்றே அவரிடம் சொல்லியிருந்தால் அவர் அந்த மரத்தடிக்கே போயிருக்க மாட்டார். இதை நினைத்தபோது எனக்குக் குளவிப் பயமே போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. முப்பத்தைந்து நிமிடம் அப்படிக் கிடந்தோம். இடையில் திவ்யா இன்னொரு தடவை கூப்பிட்டாள். கீழ்ப் பக்கத்திலிருந்து சாக்குப் போர்த்திக்கொண்டு வந்த ஆட்கள் அப்பாவைத் தூக்கிக் கொழுந்து லொறியில் ஏற்றிவிட்டார்கள், தானும் ஏறிவிட்டேன், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். பேசுகிறாரா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு சிக்னலே கிடைக்கவில்லை.

பத்து மணிக்குச் சத்தம் அடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். இரண்டு பேருக்குக் கொட்டியிருந்தது. மேல் பக்கம் இருந்த ஒரே மோட்டார் சைக்கிள் அவர்களை ஏற்றிக்கொண்டு ஹாலிஎலப் பக்கம் போய்விட்டது. எங்கள் வேன் நிற்கிறது, அதைக் கிளப்பும் திறப்பு செல்வத்தின் சட்டைப் பையில். பாதையை ஓட்டத்துக்காக மூடியிருந்ததால் வேறு வாகனம் வராது. ஹாலிஎலவால் சுற்றிப் போனால் தூரம் அதிகம், பதுளைக்குக் கிட்டிய வழி அந்த மரத்தைத் தாண்டித்தான். அண்ணி முன்னால், நான் பின்னால். மூச்சுகூடப் பெரிதாக விடாமல் நடந்தோம். மரத்தடியில் தேங்காய் சரிபாதியாக உடைந்து கிடந்தது. சிரட்டையில் போட்ட சாம்பிராணி இன்னும் இலேசாகப் புகைந்துகொண்டிருந்தது. அவருடைய ஒரு செருப்பு சூலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அண்ணி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சொன்னாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வளைவைத் தாண்டியதும் ஓடினேன். பதுளைவரை பதின்மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் ஓடுவது சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. முப்பதாவது கிலோமீட்டர்த் தண்ணீர்ப் பந்தலில் கேட்டேன். ஒரு லொறி வேகமாகப் போனது, உள்ளே யார் என்று தெரியாது என்றார்கள். முப்பத்துநான்கில் சிக்னல் வந்தது. திவ்யாவை அழைத்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. முப்பத்தைந்தில் அழைத்தேன், எடுக்கவில்லை. எடுக்காததற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று என் மூளை வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தது. ஒன்றுகூட நல்ல காரணம் இல்லை. முப்பத்தாறில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று, "இன்னும் ஆறு கிலோமீட்டர்தான் அன்ட்டி" என்று கை தட்டினார்கள். பாவம், பிள்ளைகள். ஓங்கி ஒன்று விடலாமா என்று எனக்கு வந்தது.

முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில் டவுன் ஆரம்பம். ஒரு குறுக்குத் தெரு வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரிக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"ஒரு மணி வரைக்கும் இந்த ரோட்டுல விட மாட்டாங்கக்கா. சுத்திப் போனா அரை மணியாகும். நீங்க ஓடுறதுதான் வெரசு" என்றார்.

ஆகவே ஓடினேன். பன்னிரண்டு மணி பதினைந்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரிக் கேட் வந்தது. கடிகாரம் நாற்பத்தொரு கிலோமீட்டரும் நூறு மீட்டரும் காட்டியது. நேராகப் போனால் இன்னும் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து மீட்டரில் மைதானம். கையில் முக்கால் மணித்தியாலம் மிச்சம் இருந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் எனக்குக் கேட்டது. மஞ்சள் சட்டை போட்ட உதவியாளர் ஒருவர், பாதை இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். நான் கேட்டுக்குள் திரும்பினேன்.

ஆண்கள் வார்டு வாசலில் திவ்யா உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி லொறியிலேயே விழுந்துவிட்டதாம். அவள் முகத்தைப் பார்த்ததும் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கொஞ்ச நேரம் அழுதேன். நாற்பதுக்கு மேல் கொட்டு இருக்கிறது, வரும்போது இரத்த அழுத்தம் இறங்கிப் போயிருந்தது, ஊசி போட்டுச் சேலைன் ஏற்றியிருக்கிறோம், லொறிக்காரர் இன்னும் பதினைந்து நிமிடம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று ஒரு பெண் டொக்டர் சொன்னார். என் நெஞ்சில் குத்தியிருந்த ஓட்ட இலக்கத் துண்டைப் பார்த்துவிட்டு, முதலில் தண்ணீர் குடியுங்கள் என்றார்.

முகம் முகமாக இல்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. உதடு ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. கையைத் தொட்டேன். என் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"முடிச்சிட்டியா?" என்று கேட்டார்.

என்னோடு வந்த திவ்யா என்னைப் பார்த்தாள். ஓட்டம் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"முடிச்சிட்டேங்க" என்றேன்.

"தேங்கா நல்லா ஒடஞ்சிச்சு. எனக்குத் தெரியும், முனியாண்டி கைவிட மாட்டாரு" என்றார். அந்த வீங்கின உதட்டோடு சிரிக்க வேறு பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அவரை வீட்டுக்கு விட்டார்கள். புதன்கிழமை அவரே வேனை ஓட்டிக்கொண்டு திரும்பினோம். ஹாலிஎலவைத் தாண்டியதும், கூடு இருப்பது எனக்கு முதல் நாளே தெரியும் என்று சொல்லிவிட்டேன். பண்டாரவளை வரும்வரை அவர் பாதையையே பார்த்து ஓட்டினார். பிறகு, "சொல்லியிருந்தா ஒன்ன ஓட விட்டிருக்க மாட்டேன்" என்றார். ஆமாங்க என்றேன். பலகையைத் தானும் பார்த்ததாகவும், சாமிக்கு மரியாதையாக நடக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பதுளையில் தங்குவதாக இருந்தால் ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே அறை பிடியுங்கள். குடும்ப ஓட்டத்தால் எல்லாம் நிறைந்துவிடுகிறது. போக வர டீசலுக்கு எங்களுக்குப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் முடிந்தது. ஹாலிஎலவுக்கு மேலே ஏற்றத்தில் வெட்கப்படாமல் நடங்கள். வாசனைத் தைலம், தசை வலிக்கு அடிக்கும் மணமான ஸ்பிரே எதுவும் வேண்டாம். தோட்டத்துக்குள் கொழுந்து பறிக்கும் பெண்கள் நில் என்றால் நில்லுங்கள், படு என்றால் படுங்கள், ஏன் என்று பிறகு கேட்கலாம். குளவி எழும்பினால் ஓடாதீர்கள். மரத்தடியில் சாமி கும்பிட ஆசையாக இருந்தால் முதலில் அண்ணாந்து பாருங்கள். கூடப் போகிறவரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்றும் எழுத வேண்டும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஏனென்றால் அந்த இன்னொரு விஷயத்தை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. வேனில் ஏறும் பிள்ளைகளின் அம்மாமார், கறிக்கடைக்காரர், கட்டாரிலிருக்கும் அண்ணன் என்று ஒருவர் விடாமல் எல்லோரிடமும், "மாலா நாப்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓடி முடிச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லும்போது அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். திவ்யா என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் இதையெல்லாம் வாசிப்பதில்லை. எங்களைத் தெரிந்தவர்கள் யாராவது வாசித்தால் தயவுசெய்து அவரிடம் மூச்சு விடாதீர்கள். அடுத்த வருடம் போய் மிச்சத்தை ஓடிவிடு என்று திவ்யா சொல்கிறாள். நான் ஓடப் போவதில்லை. அந்த ஒரு கிலோமீட்டர் பதுளையிலேயே கிடக்கட்டும். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, உயிரோடு, அந்தப் பொய்யை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கு அது போதும்.